ப்ரோக்கன் ஸ்வார்ட் என்ற துப்பறியும் கணினி ஆட்டத்தின் இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்குக் கால் தூசி பெறாது என்கிறார்களே, உண்மையா?

எங்கள் வீட்டிலேயே இதில் சண்டை உண்டு. அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதல் பாகத்தை இப்போதுதான் முடித்தேன், இரண்டாவதான ஸ்மோக்கிங் மிரரைப் பற்றி 'சுமார்', 'சீக்கிரம் முடிந்துவிடும்' என்றே எல்லாரும் சொல்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்குங்கள். துப்பறியும் ஆசையை மட்டும் ஓரமாக வைத்துவிட்டு, ஊர் சுற்றப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு உட்காருங்கள்.

நான் விருதுநகர்க்காரி. கல்யாணமாகி 2008-ல் மொரீஷியஸ் வந்தேன், கத்ர் போர்னில் வீடு. முதல் பாகத்தை ஆடியது அதற்கெல்லாம் முன்னால், 2001-ல், அண்ணனுடைய பென்டியம் கணினியில். யாரோ எரித்துக் கொடுத்த சிடி. அட்டையும் கிடையாது, கையேடும் கிடையாது. பாரிஸில் ஒரு காபிக் கடை, வாசலில் உட்கார்ந்திருக்கும் அமெரிக்கப் பையன் ஜார்ஜ் ஸ்டாபார்ட், அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும் கோமாளி, அப்புறம் குண்டு. அந்த ஐந்து நிமிஷத்தில் விழுந்தவள் நான். அயர்லாந்துக் கோட்டையில் நிற்கும் அந்த ஆடு என்னை மூன்று நாள் அங்கேயே நிறுத்தி வைத்தது தனிக் கதை. ஆட்டம் முழுக்க நாம் யோசிக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கும். ஆடு மட்டும் காத்திருக்காது. முட்டி விழுந்ததும் எழுந்து ஓட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? முதல் பாகம் ஆடிய யாரிடம் பேசினாலும் இந்த ஆடு வந்து நிற்கும்.

இரண்டாம் பாகத்தில் அப்படிப் பேர் வாங்கிய புதிர் ஒன்றுகூட இல்லை. 'எளிது' என்று சொல்கிறவர்கள் சொல்வது இதைத்தான். நீளமும் குறைவு, அதை மறுக்க முடியாது. முதல் பாகம் 1996, இரண்டாவது 1997. யார்க் நகரத்து ரெவல்யூஷன் கம்பெனி ஆட்டத்தை ஓட்டும் அதே மென்பொருள் இன்ஜினை வைத்துக்கொண்டு ஒரே வருஷ இடைவெளியில் இறக்கிவிட்டார்கள். எனக்கு முதலாவது இரண்டு வாரம் ஓடியது. இரண்டாவது நாலே நாள்.

ஆனால் எனக்கு இருக்கும் குறை வேறு. முதல் பாகத்தில் நமக்கு எதுவுமே தெரியாது. கோமாளி யார் என்று தெரியாது, செத்தவர் ஏன் செத்தார் என்று தெரியாது. சாக்கடையில் கிடைக்கும் சிவப்பு மூக்கு நம்மை உடுப்புக் கடைக்குக் கூட்டிப்போகும். ஒரு கோட்டைத் தைத்த தையல்காரரைப் பிடித்துப் போன் போட்டால், ஆள் தங்கியிருக்கும் ஓட்டல் பெயர் விழும். இப்படி நூல் பிடித்து நூல் பிடித்துப் போய், டெம்ப்ளர்கள் என்ற பழைய சிலுவைப்போர் வீரர்களின் கையெழுத்துப் பிரதி வரைக்கும் வந்து நிற்போம். ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்தது நான்தான் என்று ஒரு மிதப்பு வரும் பாருங்கள், அதற்காகத்தான் இந்த வகை ஆட்டத்தையே ஆடுகிறோம்.

இரண்டாம் பாகத்தில் அந்த மிதப்பு வருவதற்கு இடமே வைக்கவில்லை. கொயோட்டி கல், ஜாகுவார் கல், கழுகுக் கல் என்று மூன்று கல். ஒரு சூரிய கிரகணம். கிரகணத்தன்று வெளியே வரப் பார்க்கும் தெஸ்காட்லிபோகா என்ற கெட்ட சாமி. பாதி தூரம் போவதற்குள் இதையெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். வில்லன் கார்சாக் முகத்தைப் பார்த்ததுமே நம்பியார் வந்துவிட்டார் என்று தெரிந்துவிடும். மிச்சமெல்லாம் கல்லைத் தேடி ஓடுவதுதான். ஓட்டம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் 'யார் செய்தது' என்ற கேள்வி செத்துப்போன பிறகு நடக்கிற ஓட்டம் அது. 'என்னமோ குறைகிறது' என்று எழுதிவிட்டு என்ன குறைகிறது என்று சொல்ல முடியாமல் நீளம், குரல் என்று காரணம் தேடுகிறவர்களுக்கும் இதுதான் உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. கதை மாயா மக்களின் கோயிலில் நடக்கிறது. தெஸ்காட்லிபோகாவோ வேறொரு இனத்தாரான ஆஸ்டெக்குகளின் சாமி. நவாத்ல் மொழியில் அந்தப் பெயருக்குப் பொருளே 'புகையும் கண்ணாடி', ஆட்டத்தின் தலைப்பு அதுதான். காசியில் போய் மதுரை வீரனுக்குப் படையல் வைத்த மாதிரி. ஆட்டம் கெட்டுப்போகாது, ஆனால் முதல் பாகத்தில் டெம்ப்ளர் வரலாற்றை அவ்வளவு பக்குவமாகப் பின்னியவர்களா இவர்கள் என்று தோன்றும்.

இப்போது என் கொழுந்தன். அவருக்கு இரண்டாவதுதான் ஒசத்தி. ஏன் என்று பிடிபட எனக்குப் பல வருஷம் ஆனது. அவர் ஆடியது பிளேஸ்டேஷனில், பிரெஞ்சுப் பதிப்பு. இங்கே பிரெஞ்சுதானே வீட்டுக்குள் ஓடுகிறது, டிவி, புத்தகம், கார்ட்டூன் எல்லாம். அவர் ஆடியதும் நான் ஆடியதும் ஒரே ஆட்டம் என்பதே ஒரு மாதத்துக்கு எங்களுக்குத் தெரியாது! முதல் பாகத்துக்கு அங்கே பெயர் 'லெ ஷெவாலியே தெ பாஃபோமே', இரண்டாவதுக்கு 'லெ புக்லியே தெ கெட்சல்கோவாட்ல்'. நான் தெஸ்காட்லிபோகா என்பேன், அவர் கெட்சல்கோவாட்ல் என்பார். புராணத்தில் அந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எதிரி, எங்களைப் போலவே.

பிளேஸ்டேஷனில் மவுஸ் இல்லாமல், கைப்பிடியை வைத்துக்கொண்டு அந்தச் சின்னக் குறியை மூலை மூலையாக நகர்த்தித் தேடியிருக்கிறீர்களா? நான் ஒருமுறை அவர் பெட்டியில் முயன்று பார்த்தேன், கால் மணி நேரத்தில் கை வலித்தது. முதல் பாகத்தில் தேடித் துழாவ வேண்டியது அதிகம். கைப்பிடியோடு அதை ஆடியவருக்கு அது தண்டனை. இரண்டாவதில் அந்தப் பாடு கொஞ்சம் குறைவு, கதையும் வேகம். அவர் இரண்டாவதைக் கொண்டாடியதில் என்ன ஆச்சரியம்? ஆகையால் 'இது சுமார்', 'அது பிரமாதம்' என்று யார் எழுதினாலும், எந்தப் பெட்டியில், எந்த மொழியில் ஆடினார் என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

மொழி என்றதும் நிக்கோவின் குரல். ஜார்ஜோடு சேர்ந்து துப்பறியும் பாரிஸ் பத்திரிகைக்காரி அவள். ஆங்கிலப் பதிப்பு ஆடியவர்கள் இதைப் பற்றிப் புலம்பாமல் விடமாட்டார்கள். ஜார்ஜுக்குக் கடைசிவரை ரால்ஃப் சாக்ஸன்தான். நிக்கோவுக்கோ பாகத்துக்கு ஒரு குரல். முதலாவதில் ஹேசல் எலர்பி, இரண்டாவதில் ஜெனிஃபர் கேரன் ஹால். பின்னவர் பிரெஞ்சு நடிகை லெஸ்லி கேரனின் மகள். ஆக, பிரெஞ்சு வாடை வீட்டிலேயே கிடைத்தவர். எனக்கோ முதல் குரல்தான் காதில் ஒட்டிக்கொண்டது. கொழுந்தனைக் கூப்பிட்டு இரண்டையும் போட்டுக் காட்டினேன். சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். "அண்ணி, ரெண்டு பேருமே பாரிஸ்காரி மாதிரி இல்லை" என்றார். பிரெஞ்சில் அவருக்கு ஜார்ஜாகப் பேசியவர் எமானுவல் கூர்த்தீல், ஜிம் கேரிக்கு பிரெஞ்சுக் குரல் கொடுப்பவர். அந்தக் குரலில் ஜார்ஜ் பேசினால் சாதாரண வரிகூட நக்கலாக விழும் என்கிறார். அதனால்தான் பேச்சு அதிகமாகவும் மர்மம் குறைவாகவும் இருக்கிற இரண்டாம் பாகம் அவருக்குப் பிடித்ததோ என்னவோ.

உண்மையில் இரண்டாம் பாகத்தின் பலமே பேச்சுதான். கையில் இருக்கும் எந்தச் சாமானையும் எதிரில் நிற்கும் ஆளிடம் காட்டலாம், ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். தொடக்கத்தில் ஜார்ஜ் நாற்காலியோடு கட்டப்பட்டுக் கிடப்பான், வீடு தீப்பற்றும், நிக்கோவை மயக்க ஊசி எய்து தூக்கிப்போயிருப்பார்கள். மிஞ்சுவது அவளுடைய கைப்பை. அதற்குள் சிவப்பு லேஸ் உள்ளாடை ஒன்று. கட்டை அவிழ்த்து, சோடா சைஃபனில் சிலிண்டரை மாட்டித் தீயை அணைத்துவிட்டு வெளியே வரும் மனுஷன், அந்த உள்ளாடையைப் பையில் போட்டுக்கொண்டு பார்க்கிற ஆளிடமெல்லாம் நீட்டுவான்.

இதை நான் என் மாமியார் முன்னால் ஆட நேர்ந்தது. இங்கே புயல் எச்சரிக்கை கிளாஸ் மூன்று போட்டுவிட்டால் யாரும் வெளியே தலைகாட்ட மாட்டோம். போன புயலுக்கு நாத்தனார் குடும்பமும் எங்கள் வீட்டில்தான் இருந்தது. ஜன்னல் பலகையெல்லாம் அடித்தாயிற்று, சாயங்காலமே கரண்ட் போயிற்று. மத்தியானம் பொரித்த காத்தோ பிமா ஒரு தட்டு மிச்சம். (நம்ம ஊர் பருப்பு வடைக்குத் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) மடிக்கணினியில் எழுபது சதவீதம் சார்ஜ். நாத்தனார் மகளுக்குப் பன்னிரண்டு வயது, பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கிறாள், என்னோடு பாதி க்ரியோல் பாதி தமிழ். இந்த ஆட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாதவள். அவளிடம் மவுஸைக் கொடுத்தேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எல்லாரும் திரையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அவள் கூச்சமே இல்லாமல் உள்ளாடையை எடுத்து எதிரில் நின்ற ஆளிடம் காட்டினாள். மாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "கிஃபேர் லி பெ சர்யே சா?" என்றார். இவன் ஏன் இதைத் தூக்கிக்கொண்டு அலைகிறான் என்று. யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. நாத்தனார் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

மார்செய் துறைமுகம் வந்தது. நாய்க்குப் பிஸ்கட் வைத்து, அது தின்ன வந்து நிற்கும்போது படகுக் கொக்கியால் தண்ணீரில் தள்ள வேண்டும். முதல் பாகத்து ஆட்டுக்கு என்னிடம் மூன்று நாள் போனது; இந்த நாய்க்கு அவளிடம் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. 'பாவம் நாய்' என்று சொல்லிக்கொண்டே தள்ளினாள். லண்டனில் நிக்கோ, மூடிக் கிடக்கும் பாதாள ரயில் நிலையம் ஒன்றுக்குள் இறங்குவாள். பிரிட்டிஷ் மியூசியம் என்ற பெயரில் அப்படி ஒரு நிலையம் நிஜமாகவே இருந்தது, 1933-ல் மூடிவிட்டார்கள் என்று நான் சொன்னதும் அவள் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே. ஆட்டத்தில் மர்மம் குறைவு என்று நான் புலம்பிக்கொண்டிருக்கிறேன், அவளுக்கு அந்த இருட்டு நடைமேடை போதுமானதாக இருக்கிறது.

கரீபியன் தீவுக்கு வந்ததும் வீடே விழித்துக்கொண்டது. பழைய கடற்கொள்ளையன் கெட்ச், அவன் ஒளித்து வைத்த கழுகுக் கல், தூண்டில் போடும் சின்னப் பையன், அருங்காட்சியகம் நடத்தும் வயசான சகோதரிகள். என் பார்வையில் ஆட்டத்தின் சோம்பலான பகுதி இதுதான், கதை அங்கேயே படுத்துவிடுகிறது. மாமியார் சொன்னதோ வேறு: "இது லா பியூஸ் கதை." பக்கத்துத் தீவு ரெயூனியனில், சேன்-போலில், 1730-ல் தூக்கிலிட்ட கடற்கொள்ளையன் அவன். சாகும்போது சங்கேத எழுத்து எழுதிய தாளைக் கூட்டத்தில் வீசினான், புதையல் இன்னும் எங்கோ கிடக்கிறது என்பது இந்தப் பக்கத்துத் தீவுகளில் எல்லாருக்கும் பாட்டி சொன்ன கதை. அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் 'சோம்பல்' என்று சொல்கிற இடம்தான் உயிர். விருதுநகரில் கடல் ஏது, கொள்ளையன் ஏது.

எந்தப் பதிப்பு வாங்குவது என்றால்: 2010-11 வாக்கில் வந்த ரீமாஸ்டர்டு பதிப்பே போதும். படம் தெளிவு, உள்ளேயே குறிப்பு கேட்கும் வசதி உண்டு, வாட்ச்மென் வரைந்த டேவ் கிப்பன்ஸின் சின்னக் காமிக்ஸும் கூடவே வரும். பழைய சிடி கையில் இருந்தால், பழைய ஆட்டங்களை ஓட்டும் ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளில் ஓடும். முதல் பாகத்தை நீங்கள் டைரக்டர்ஸ் கட் என்ற பிந்தைய பதிப்பில் ஆடியிருந்தால் ஆட்டுப் புதிரைச் சுலபமாக்கி வைத்திருப்பார்கள், எனவே இரண்டாவது ரொம்பவும் எளிதாகிவிட்டது என்ற ஏமாற்றம் உங்களுக்குக் குறைவாகவே இருக்கும். முடித்ததும் சூட்டோடு சூடாக மூன்றாவதுக்குப் போய்விடாதீர்கள். 2003-ல் வந்த அது முப்பரிமாணம், சுட்டிச் சொடுக்குவதெல்லாம் போய் பெட்டி தள்ளுகிற வேலை நிறைய. அதைப் பார்த்தபிறகு இரண்டாவதைத் திட்டியவர்கள் பலர் வாயை மூடிக்கொண்டார்கள், நானும்தான்.

முடிவு அவசரம் என்பது உண்மை. பிரமிடுக்குள் போனதும் மளமளவென்று முடித்துவிடுகிறார்கள். அதற்குமுன் சித்திரக் கற்களைப் பொருத்தும் ஒரு புதிர் வரும், ஆட்டத்திலேயே எரிச்சலானது அதுதான். அன்று ராத்திரி அங்கே போய் மாட்டிக்கொண்டோம். சார்ஜ் ஆறு சதவீதம், வெளியே காற்று பலகையைப் பிடுங்குகிறது. குறிப்புப் பொத்தானை அழுத்தலாம் என்று நான் கையை நீட்டினேன். "நோ, தாந்தின்!" (வேண்டாம், அத்தை) என்று நாத்தனார் மகள் என் கையைத் தட்டிவிட்டு, கணினியை மூடி வைத்துவிட்டாள். கரண்ட் வந்து, எச்சரிக்கை எடுத்து, அவர்கள் வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். அதுவரை நான் அந்த ஆட்டத்தைத் திறக்கக் கூடாதாம்.