உடம்புக்குள் வைத்த உலோகமும் பிளாஸ்டிக்கும்: கேள்வி பதில்

முருகேசன்: கிட்னி மாற்றினால் ஆயுசுக்கும் மாத்திரை. அப்பாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றியதற்கு அப்படி எதுவும் தரவில்லையே சார்?

பதில்: கிட்னியில் இருப்பவை இன்னொருவரின் செல்கள். அவற்றின் எச்எல்ஏ புரதங்களை (செல்லின் அடையாள அட்டை மாதிரி) பார்த்து டி-செல்கள் என்ற வெள்ளணுக்கள் தாக்கும். அதை அடக்கத்தான் மாத்திரை. செயற்கை மூட்டில் உள்ள டைட்டானியத்திலும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கிலும் அந்த அடையாளம் கிடையாது. அதற்காக உடம்பு சும்மா இருக்காது. இங்கே முக்கிய ஆள் மேக்ரோபேஜ், அதாவது அந்நியப் பொருளை விழுங்கும் செல்.

நித்யா: எந்த வரிசையில் நடக்கும் சார்? பரீட்சைக்கு வேண்டும்.

பதில்: ரத்தம் பட்ட விநாடிகளிலேயே அல்புமின், ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் பரப்பில் படிந்துவிடும். செல்கள் தொடுவது இந்தப் படலத்தைத்தான், உலோகத்தை அல்ல. படிந்த ஃபைப்ரினோஜன் உருக்குலைந்து, மடிப்புக்குள் இருந்த பகுதி வெளியே தெரியும். வெள்ளணுக்களின் மேல் உள்ள மேக்-1 ஏற்பி அதைப் பிடித்துக்கொள்ளும். முதல் ஓரிரு நாள் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள், பிறகு மோனோசைட்டுகள் என்ற இன்னொரு வகை வந்து மேக்ரோபேஜ் ஆகும். பொருள் விழுங்க முடியாத அளவு பெரிது என்பதால், ஐஎல்-4, ஐஎல்-13 என்ற சமிக்ஞைப் புரதங்கள் தூண்ட, அவை ஒன்றுசேர்ந்து பல உட்கரு கொண்ட ராட்சதச் செல்லாகும். சில வாரங்களில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற நார்த்திசு செல்கள் பொருளைச் சுற்றிக் கொலாஜன் உறை கட்டிவிடும். ‘எம்1 (அழற்சி கூட்டும் மேக்ரோபேஜ்) போய் எம்2 (ஆற்றும் மேக்ரோபேஜ்) வரும்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒரே மேக்ரோபேஜ் இரண்டு குணத்தையும் சேர்த்தே காட்டும்.

செல்வி: கவரிங் கம்மல் போட்டாலே எனக்குக் காது புண்ணாகும். எலும்பில் ஸ்டீல் ஸ்க்ரூ போடலாமா?

பதில்: 316எல் ஸ்டீலில் நிக்கல் உண்டு. நிக்கல் அலர்ஜியில் டி-செல்லுக்கும் பங்கு இருக்கிறது. தோல் அலர்ஜி உள்ள எல்லோருக்கும் உள்ளேயும் வரும் என்றில்லை. ஆனாலும் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லி, டைட்டானியம் போட முடியுமா என்று கேளுங்கள்.

ரஹீம்: பரப்பை நன்றாக வழவழப்பாக்கினால் உறை வராதல்லவா?

பதில்: வரும். வழவழப்பான சிலிக்கானைச் சுற்றித்தான் கெட்டியான உறை உருவாகும். 30–40 மைக்ரான் அளவில், ஒன்றோடொன்று தொடர்புள்ள துளைகள் இருந்தால் ரத்தநாளங்கள் உள்ளே வளரும், உறை மெலியும். சொரசொரப்பு எல்லாமே நல்லது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது: சொரசொரப்பான மார்பக இம்ப்ளாண்டுகளைச் சுற்றி ஒரு வகை டி-செல் லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று) வந்ததால்தான் அலர்கன் நிறுவனம் 2019இல் பயோசெல் ரகத்தைத் திரும்பப் பெற்றது. மருந்து கசியவிடுவது இன்னொரு வழி. பேஸ்மேக்கர் லீடின் (கம்பியின்) முனையில் டெக்ஸாமெத்தசோன் என்ற அழற்சி குறைக்கும் ஸ்டீராய்டு வைப்பது இதற்காகத்தான்.

முருகேசன்: கிருமியே இல்லாமல் மூட்டு தளர்ந்துவிடும் என்கிறார்களே, எப்படி?

பதில்: மூட்டுக் குழியில் வைத்த பிளாஸ்டிக் கிண்ணம் தேயத் தேய நுண்துகள் உதிரும். அதில் பெரும்பகுதி 1 மைக்ரானுக்கும் குறைவு. மேக்ரோபேஜ் விழுங்குவதற்குத் தோதான அளவு. விழுங்கும், ஆனால் செரிக்காது. டிஎன்எஃப்-ஆல்ஃபா, ஐஎல்-1 என்ற அழற்சிப் புரதங்கள் வெளியாகி, ரேங்க்-எல் என்ற தூண்டும் புரதம் கூடி, ஆஸ்டியோகிளாஸ்ட்கள் (எலும்பைக் கரைக்கும் செல்கள்) எலும்பை அரிக்கும். காற்றுப்பட காமா கதிரால் கிருமிநீக்கம் செய்த பழைய பாலிஎத்திலீன் ஆக்சிஜனேற்றத்தால் இன்னும் வேகமாகத் தேய்ந்தது. 1990களின் இறுதியிலிருந்து வரும் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்பு கூட்டிய ரகத்தில் தேய்மானம் வெகுவாகக் குறைவு.

எலும்பு நன்றாக அரிக்கும்வரை வலி தெரியாமலே போகலாம். எக்ஸ்ரேயில் உலோகத்தை ஒட்டிக் கறுப்பாகத் தெரியும். ஆகவே வலி இல்லை என்று ஃபாலோ-அப் எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடாதீர்கள். தளர்ந்திருந்தால் ‘தேய்மானம்தான்’ என்று முடிவு கட்டுமுன் கிருமித்தொற்று இருக்கிறதா என்று பார்க்க இஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகள், தேவைப்பட்டால் மூட்டு நீர் கல்ச்சர் (கிருமி வளர்த்துப் பார்ப்பது). கல்ச்சரை 14 நாள் வரை வைக்கச் சொல்லுங்கள்; க்யூட்டிபாக்டீரியம் என்ற கிருமி மெதுவாகத்தான் வளரும்.