துவர்க்குது, புளிக்குது: இளம் ஒயினா, மோசமான வருஷமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் எங்கள் ஊர். கப்பலில் ஸ்டூவர்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லண்டனில் இருக்கும் என் மகனிடம் ஓர் ஏஜென்ட், பிரான்சின் போர்தோ பகுதி 2024 சிவப்பு ஒயினுக்கு இப்போதே பணம் கட்டி வைத்தால் பத்து வருஷத்தில் இரட்டிப்பாகும் என்கிறார். விடுமுறைக்கு வந்த மகன், அந்த 2024 ஒயினின் மாதிரியை ஒரு சின்னக் குப்பியிலும், அதே தோட்டத்தின் 2021 ஒயினை ஒரு முழுப் பாட்டிலாகவும் கொண்டுவந்தான். குப்பியில் இருந்ததைச் சுவைத்தேன். துவர்ப்பு, புளிப்பு, ஒரு பச்சை வாடை. ‘இளசு அப்படித்தான் இருக்கும்’ என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா? மூன்று லட்சம் ரூபாய் விஷயம்.

பதில்: பணத்தைக் கட்ட வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை. இளம் சிவப்பு ஒயின் துவர்க்கத்தான் செய்யும். திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் டானின்தான் காரணம். கட்டஞ்சாயா கூடுதல் நேரம் கொதித்துவிட்டால் நாக்கைப் பிடிக்கிறதே, அதே சரக்கு. வருஷம் போகப் போக அது இளகும், கொஞ்சம் மண்டியாக அடியில் படியும்.

ஆனால் துவர்ப்பில் இரண்டு வகை உண்டு. நாகர்கோவிலில் என்னிடம் படிக்கிற ஹோட்டல் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் நான் ஒயின் ஊற்றுவதில்லை. கொல்லாம்பழக் (முந்திரிப்பழக்) காலமாக இருந்தால் மேசையில் ஒரு பழுத்த கொல்லாம்பழத்தையும், தோலோடு நறுக்கிய ஒரு பச்சை வாழைக்காய்த் துண்டையும் வைப்பேன். இரண்டையும் கடிக்கச் சொல்வேன். கொல்லாம்பழம் தொண்டையைப் பிடிக்கும். கூடவே சாறும் இனிப்பும் மணமும் வாய் நிறைய வரும். வாழைக்காயில் கறை மட்டும்தான். ஈறில் ஒட்டிக்கொண்டு வறட்டும், பின்னால் ஒன்றும் வராது. முன்னது பழுத்த துவர்ப்பு, காலம் அதைப் பக்குவப்படுத்தும். பின்னது காய்த் துவர்ப்பு. பத்து வருஷம் வைத்தால் இருக்கிற கொஞ்சப் பழச்சுவையும் வற்றி, துவர்ப்பு மட்டும் மிஞ்சும்.

அந்தப் பச்சை வாடை குடைமிளகாயை நறுக்கிய வாடைபோல இருந்ததா? அப்படியானால் அது இளமையின் குறை அல்ல. போர்தோவின் மெர்லோ, கேபர்னே திராட்சைகளில் காயாக இருக்கும்போது அந்த வாடை இயற்கையாகவே உண்டு. வெயில் பட்டுப் பழுக்கும்போது குறையும். வெயில் கிடைக்காத வருஷத்தில் பழத்தோடு ஒயினுக்குள் வந்துவிடும். வந்தபிறகு பாட்டிலில் கிடந்து போய்விடும் என்று காத்திருப்பது வீண்.

2024 அங்கே அப்படிப்பட்ட வருஷம். மாம்பூவில் மழை அடித்தால் நம் வீட்டு மரத்தில் என்ன ஆகுமோ, அதுதான் அங்கே திராட்சைப் பூவுக்கு ஆனது. பூ உதிர்ந்தது, குலைகளில் காய் ஒழுங்காகப் பிடிக்கவில்லை. ஈரத்தில் மில்டியூ என்னும் பூஞ்சை தோட்டம் தோட்டமாகப் பரவியது. அறுவடை நேரத்திலும் மழை. 2021-ம் லேசான வருஷம் இல்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் உறைபனி இளந்தளிரைக் கருக்கியது, கோடையிலும் வெயில் போதவில்லை. புளிக்கும் சாற்றில் சர்க்கரை சேர்த்து ஆல்கஹாலைக் கூட்டிய தோட்டங்கள் பல. அதற்கு அங்கே சட்ட அனுமதி உண்டு. சர்க்கரை ஆல்கஹாலைக் கூட்டும், காய்த் துவர்ப்பைப் பழமாக்காது.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் கையில் இருக்கும் நல்ல சாட்சி அந்த 2021 பாட்டில்தான். கஷ்டமான வருஷத்தை அந்தத் தோட்டக்காரர் எப்படிச் சமாளிக்கிறார் என்று அது சொல்லும். காய்க் குலைகளை வெட்டி எறிந்தாரா, எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டினாரா என்பது வாயில் தெரிந்துவிடும்.

காலையில் பத்து, பதினொரு மணிக்குச் சுவையுங்கள். மீன் குழம்புக்கும் நல்லமிளகு ரசத்துக்கும் பிறகு வேண்டாம், சாயா குடித்த வாயும் வேண்டாம். நம் வீட்டு வெக்கையில் ஒயினை அப்படியே ஊற்றினால் ஆல்கஹால் காட்டம் மட்டும் மூக்கில் ஏறும். ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள், 16 முதல் 18 டிகிரிக்குள் வந்தால் போதும். ரொம்பக் குளிர்ந்தாலோ துவர்ப்பு கூடித் தெரியும். ஒரு மடக்கு எடுத்து வாய் முழுக்கச் சுழற்றித் துப்பிவிடுங்கள். முதலில் பழம் தெரியும், கடைசியில் துவர்ப்பு தெரியும். இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். மோசமான வருஷ ஒயினில் அங்கேதான் பள்ளம் விழும். தண்ணீர் கலந்த அக்கானி (பதநீர்) நாக்கில் பட்டதும் இனித்து உடனே காணாமல் போகுமே, அந்தப் பள்ளம். அது பின்னால் நிரம்புவதை என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை. வெனிலா, வறுத்த தேங்காய் மணம் வந்தால் ஏமாறாதீர்கள். அது புது ஓக் பீப்பாயின் மணம், பழத்தின் மணம் அல்ல.

அப்புறம் பாதிப் பாட்டிலைக் கார்க் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் பாருங்கள். சரக்குள்ள ஒயின் காற்றுப்பட்டு விரியும், நேற்றைவிடப் பழமணம் கூடும். வெறும் ஒயினில் மணம் போய்ப் புளிப்பு தனியாக நிற்கும்.

இங்கே ஒரு விலக்கு. இதில் பலர் தவறுவதால் விரித்தே சொல்கிறேன். இந்த மறுநாள் சோதனையைக் குப்பியிலுள்ள 2024-க்குச் செய்யாதீர்கள். பீப்பாயிலிருந்து உருவிய மாதிரி என்பது முடிந்த ஒயின் அல்ல. பாட்டிலில் அடைக்கும் ஒயினுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அதற்கு இல்லை, சில மணி நேரத்திலேயே தளர்ந்துவிடும். போர்தோவில் ஏப்ரல் மாதம் வியாபாரிகள் சுவைக்கும்போதுகூட அன்றன்று எடுத்த மாதிரியைத்தான் கேட்பார்கள். உங்களுடையதோ ஏஜென்டின் மேசை, மகனின் பெட்டி, விமானம், திருவனந்தபுரத்திலிருந்து கார், எல்லாம் கடந்து வந்தது. குப்பியின் கழுத்தில் காற்று வேறு. நீங்கள் உணர்ந்த புளிப்பு வழியில் கெட்டதாகவும் இருக்கலாம். வினிகர் நெடியோ நெயில் பாலிஷ் நெடியோ அடித்தால் பெரும்பாலும் அதுதான். ஆகவே அந்தக் குப்பியை வைத்துத் தோட்டக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. அது தேனாக இருந்திருந்தாலும் அதை நம்பி நீங்கள் மூன்று லட்சம் கொடுத்திருக்கக் கூடாது. கடைசியில் பாட்டிலுக்குள் போகும் கலவை அதுவேதான் என்று அந்தக் குப்பியைப் பார்த்து யாராலும் உறுதி சொல்ல முடியாது.

சின்னக் குப்பியை நீட்டிப் பணம் கேட்கிற ஏஜென்ட் என்றாலே எனக்குக் கோபம் வரும். நானும் ஒரு காலத்தில் ஒரு பெட்டிக்கு முன்பணம் கட்டியவன். இரண்டு வருஷம் கழித்து விசாரித்தால் கம்பெனியே இல்லை. ரசீது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. தோட்டக்காரருக்கும் உங்களுக்கும் நடுவில் தரகர், மொத்த வியாபாரி, இறக்குமதியாளர், அப்புறம் இந்த ஏஜென்ட் என்று ஆள் மாறி ஆள் நிற்கிறார்கள். ஒயின் வந்து சேர ஏறக்குறைய இரண்டு வருஷம். நடுவில் ஒருவர் கடையைச் சாத்தினாலும் பணம் போச்சு.

பாட்டிலாகும் முன்பே பணம் கட்டும் அந்த முறையே வாங்குபவனுக்குச் சாதகமாக இல்லை. ஒயின் முடிவதற்குள்ளேயே விமர்சகர்கள் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டுவிடுகிறார்கள். மோசமான வருஷத்தை மோசம் என்று சொல்ல அந்த வட்டத்தில் பலருக்கு வாய் வராது. ‘கிளாசிக் வருஷம்’, ‘சீக்கிரம் குடிக்க ஏற்றது’ என்றெல்லாம் எழுதுவார்கள். அந்தச் சொற்களைப் பார்த்தாலே உஷாராகுங்கள். ஷத்தோ லத்தூர்போல முதல் வரிசையில் இருக்கும் தோட்டமே 2012-ல் இந்த முன்பண விற்பனையிலிருந்து விலகிக்கொண்டது. முன்பணம் கட்டி வாங்கிய பல ஒயின்கள், பாட்டிலாகிக் கடைக்கு வந்தபிறகு அதே விலைக்கோ அதைவிடக் குறைவாகவோ கிடைத்திருக்கின்றன. அப்படியிருக்க, இரட்டிப்பு என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறார்கள்? இந்தியாவுக்குக் கொண்டுவந்து விற்கலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது. ஒயினுக்கு நம் சுங்க வரி நெடுங்காலமாகவே மிக அதிகம். மகன் கையோடு கொண்டுவரலாம் என்றால் வரியில்லாமல் 2 லிட்டர்தான்.

மகனை ஏஜென்டிடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள். ஒயின் எந்தச் சுங்கக் கிடங்கில் இருக்கும், அங்கே என் பெயரிலேயே கணக்கு இருக்குமா, அதைக் கிடங்குக்காரர் நேரடியாக எனக்கு எழுதித் தருவாரா? ஏஜென்டின் பெயரில்தான் இருக்கும் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எழுதித் தந்தாலும் 2024 பாட்டிலாகிக் கடைக்கு வரும்வரை பொறுங்கள். அப்போது ஒரே ஒரு பாட்டில் வாங்கிச் சுவைக்கலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து 2021-ஐத் திறங்கள். பக்கத்தில் ஒரு தட்டில் அந்த வாழைக்காய்த் துண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.