இறக்குமதியால் டீ ஃபேக்டரி மூடினால் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தனியார் டீ ஃபேக்டரியில் 2008 ஜூன் 1 முதல் டிரையர் பார்த்து வந்தேன். வயது 46. மொத்தம் 28 பேர். "வெளிநாட்டுத் தூள் வந்து குவியுது, ஏலத்துல நம்ம தூளைக் கேக்க ஆளில்லை" என்று சொல்லி, முதலாளி 2026 ஜனவரி 31-ம் தேதியோடு ஃபேக்டரியை மூடிவிட்டார். பேசிக், பஞ்சப்படி சேர்த்து மாதம் 13,000 ரூபாய் வாங்கினேன். பி.எஃப். உண்டு. இப்போது 90,000 ரூபாய் தருகிறேன், ஒரு தாளில் கையெழுத்துப் போடு என்கிறார். என் தம்பி அதே முதலாளியின் பாக்கெட் போடும் யூனிட்டில் ஆறு வருடமாக வேலை பார்த்தான், அதுவும் மூடிவிட்டது. அவனுக்கு இ.எஸ்.ஐ. பிடித்தார்கள், எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் அரை ஏக்கர் இலையை அதே ஃபேக்டரிக்குத்தான் போட்டோம், அதில் 21,000 ரூபாய் பாக்கி. இறக்குமதியால் வேலை போனவர்களுக்கு அரசாங்கமே மாதாமாதம் பணம் தரும் என்று நெட்டில் பார்த்தேன். அதற்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?

பதில்: நீங்கள் பார்த்தது பெரும்பாலும் அமெரிக்கத் திட்டமாக இருக்கும். அங்கே 1974-ம் ஆண்டு வர்த்தகச் சட்டத்தின் கீழ், இறக்குமதியால் வேலை போனது என்று தொழிலாளர்கள் சிலர் சேர்ந்து தொழிலாளர் துறைக்கு மனுப் போடலாம். துறை விசாரித்து ஒப்புக்கொண்டால் பயிற்சியும் உதவித்தொகையும் கிடைக்கும். அதுவும் 2022 ஜூலை 1 முதல் புது மனுக்களுக்குச் சான்று தருவதில்லை. நம் நாட்டில் அப்படி ஒரு திட்டமே இல்லை. வெளிநாட்டுச் சரக்கு அடிமாட்டு விலைக்கு வந்து விழுந்தால் டெல்லியில் உள்ள வர்த்தகத் தீர்வுகள் தலைமை இயக்குநரகத்தில் முறையிடலாம். முறையிட வேண்டியது உற்பத்தியாளர்கள். வெற்றி பெற்றால் இறக்குமதிக்குக் கூடுதல் வரி விழும். தொழிலாளி கைக்கு அதில் ஒரு பைசா வராது.

அதனால் வேலை ஏன் போனது என்பதை விட, காகிதத்தில் எப்படிப் போனதாக எழுதப்படுகிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். முதலாளி நீட்டும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்த மாதிரித் தாளில் வழக்கமாக என்ன இருக்கும் என்று பாருங்கள். "என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு விலகுகிறேன். எனக்குச் சேர வேண்டிய முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டேன். இனி நிர்வாகத்தின் மேல் எந்தப் பாத்தியதையும் இல்லை." மூன்றே வரி. முதல் வரி மூடல் நஷ்டஈட்டைத் தின்றுவிடும். இரண்டாவதும் மூன்றாவதும், பிறகு நீங்கள் கேட்கப் போகும்போது எதிர்த்தரப்பு காட்டப்போகும் ஆதாரம். பணிக்கொடையை (கிராஜுவிட்டி) எழுதிக் கொடுத்து விட்டுக்கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்பது உண்மை. ஆனாலும் அந்தத் தாளோடு அதிகாரி முன்னால் நிற்பது வேறு, தாள் இல்லாமல் நிற்பது வேறு.

இப்போது கணக்கு. பணிக்கொடை: கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்க வேண்டும். 13,000-ஐ 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 500. பதினைந்து நாளுக்கு 7,500. உங்கள் பணிக்காலம் 17 வருடம் 8 மாதம். ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு வருடமாக எடுக்க வேண்டும், ஆக 18. மொத்தம் 1,35,000 ரூபாய். முதலாளி சொல்லும் 90,000 இதற்கே காணாது. ராஜினாமா செய்தாலும் கிடைக்க வேண்டிய பணம் இது.

மூடல் நஷ்டஈடு: வருடத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம். மாதச் சம்பளக்காரருக்கு இதில் 26-ஆல் வகுக்கும் கணக்கு வராது, அரை மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6,500-ஐ 18-ஆல் பெருக்கினால் 1,17,000. ஒரு மாத நோட்டீஸ் தராமல் மூடியிருந்தால் அதற்குப் பதில் இன்னொரு மாதச் சம்பளம், 13,000. மூன்றும் சேர்த்து 2,65,000 ரூபாய். நிலுவை போனஸ், எடுக்காத விடுப்புக்கான சம்பளம் இதற்கு மேல். வருமான வரியைப் பற்றிக் கவலை வேண்டாம், இந்த அளவுத் தொகைக்கு வரி வராது.

முதலாளி இங்கே இரண்டு வாதம் வைப்பார். முதலாவது, "இறக்குமதியை நான் எப்படித் தடுப்பேன், என் கையில் இல்லாத காரணம்" என்பது. கட்டுப்பாட்டை மீறிய, தவிர்க்க முடியாத காரணத்தால் மூடினால் நஷ்டஈட்டை மூன்று மாதச் சராசரிச் சம்பளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. அவர் எண்ணம் அதுதான். 1,17,000-க்குப் பதில் 39,000-ல் முடித்துவிடலாம். ஆனால் அதே பிரிவின் விளக்கத்தைப் படியுங்கள்: பண நெருக்கடி, நஷ்டம், விற்காத சரக்கு தேங்கிக் கிடப்பது, இவை மட்டுமே காரணம் என்றால் அது தவிர்க்க முடியாத காரணம் ஆகாது. இறக்குமதித் தூளால் ஏலத்தில் விலை விழுந்தது என்றால் நஷ்டம், சரக்குத் தேக்கம் என்றுதான் பொருள். பழைய தொழில் தகராறு சட்டத்தில் இது 25எஃப்எஃப்எஃப் பிரிவு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்தில் 75-வது பிரிவு. உங்கள் ஃபேக்டரி அதற்குப் பிறகு மூடியதால் மனுவில் புதிய பிரிவைக் குறிப்பிடுங்கள். 50 பேருக்குக் குறைவு என்பதால் 60 நாள் முன்னறிவிப்பு விதி உங்கள் ஃபேக்டரிக்கு இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இரண்டாவது வாதம், "டீ ஃபேக்டரி சீசன் ஃபேக்டரி, அதனால் சீசனுக்கு ஏழு நாள் கணக்குத்தான்" என்பது. ஒத்துக்கொண்டால் 1,35,000 பணிக்கொடை 63,000-ஆகச் சுருங்கிவிடும். 'சீசன்' என்ற ஒரே சொல்தான் இங்கே குழப்பம். ஏழு நாள் கணக்கு, சீசனுக்கு மட்டும் வேலைக்கு எடுத்து மற்ற மாதங்களில் அனுப்பிவிடும் ஆட்களுக்கு. பனி விழும் ஜனவரி, பிப்ரவரியில் இலை குறைந்து ஷிஃப்ட் குறைந்தாலும், வருடம் முழுக்க உங்களுக்குச் சம்பளம் ஓடியிருந்தால் அது உங்களுக்குப் பொருந்தாது. நிரூபிக்க பி.எஃப். பாஸ்புக் போதும். உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணில் நுழைந்து 2008-லிருந்து ஒவ்வொரு மாதமும் பணம் விழுந்திருக்கிறதா பாருங்கள். நடுவில் மாதங்கள் விடுபட்டிருந்தால் அந்த மாதச் சம்பள ரசீதையோ வங்கிப் பதிவையோ தேடி எடுத்து வையுங்கள். பாஸ்புக்கை இன்றே டவுன்லோடு செய்து பிரிண்ட் போட்டுவிடுங்கள்.

உங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்காததும் இந்த 'சீசன்' சொல்லால்தான், ஆனால் வேறு சட்டத்தில், வேறு பொருளில். இ.எஸ்.ஐ. சட்டம் பட்டியல் போட்டே சொல்கிறது: தேயிலை உற்பத்தியை மட்டும் செய்யும் ஆலை, வருடம் முழுக்க ஓடினாலும் சீசன் ஆலை, சட்டம் அதற்குப் பொருந்தாது. ஆகவே வேலையில்லாக் காலத்துக்கு இ.எஸ்.ஐ. தரும் படி உங்களுக்கு வராது. "அடல் திட்டத்தில் போடுங்கள்" என்று அந்தப் படியைக் குறிப்பிட்டு யாராவது உங்களுக்குச் சொன்னால், சம்பள ரசீதில் 0.75 சதவீதப் பிடித்தம் எங்கே என்று கேளுங்கள்.

தம்பியின் யூனிட் வேறு. தூள் கலப்பதும் பாக்கெட் போடுவதும் வருடத்தில் ஏழு மாதத்துக்கு மேல் நடந்தால் அது சீசன் ஆலை ஆகாது, அதனால்தான் பிடித்திருக்கிறார்கள். அவருக்கு இரண்டு வழி. அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தில் சராசரி நாள் சம்பளத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாளுக்கு, வாழ்நாளில் ஒரு முறை. ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டத்தில், ஆலை மூடலோ ஆட்குறைப்போ காரணமாக இருந்தால், முதல் 12 மாதம் பாதி, அடுத்த 12 மாதம் கால் பங்கு. அந்தக் காலத்தில் குடும்பத்துக்கு இ.எஸ்.ஐ. வைத்தியமும் தொடரும். அவர் சம்பளம் 12,000 என்றால் நாளுக்கு 400. முதல் திட்டத்தில் மொத்தமே 18,000. இரண்டாவதில் இரண்டு வருடத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டும். இவ்வளவு வித்தியாசம் இருந்தும் பலர் முதலாவதைத்தான் எடுக்கிறார்கள். ஆன்லைனில் சுலபம், இரண்டாவதற்கு முதலாளி கையெழுத்து வேண்டும், அதுதான் காரணம். ஒரே காலத்துக்கு இரண்டையும் வாங்க முடியாது.

ஆறு வருடம் கட்டியவர் என்பதால் குறைந்தபட்சச் சந்தா அவருக்குத் தடையாகாது. தடை வேறிடத்தில் இருக்கிறது. கடைசி மாதச் சந்தாவைப் பதிவேற்றும்போது, ஆள் ஏன் இல்லை என்பதற்கு முதலாளி ஒரு காரணத்தைத் தேர்வு செய்ய வேண்டும். அங்கே 'ஆட்குறைப்பு' என்றும் இருக்கும், 'வேலையை விட்டார்' என்றும் இருக்கும். கணக்குப்பிள்ளை அவசரத்தில் இரண்டாவதை அழுத்திவிட்டால் கிளை அலுவலகத்தில் மனு நின்றுவிடும். ஆலை மூடல் பற்றி ஒரு கடிதத்தை முதலாளியிடம் எழுத்தில் வாங்கி வைப்பதும், அந்தப் பதிவை என்ன போட்டார்கள் என்று இப்போதே கேட்பதும் தம்பியின் முதல் வேலை.

உங்கள் பக்கம் நடைமுறை இப்படி. பணிக்கொடைக்கு முதலாளிக்கு எழுத்தில் மனு, வேலை முடிந்த 30 நாளுக்குள். பதிவுத் தபாலில், ஒப்புகைச் சீட்டோடு. நஷ்டஈட்டுக்குத் தனிக் கடிதம். இரண்டையும் ஒரே தாளில் கலக்காதீர்கள், விசாரிக்கும் வழி வேறு வேறு. 30 நாளில் பணம் வராவிட்டால் குன்னூரில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகம். தாமதமான பணிக்கொடைக்கு 10 சதவீதத் தனிவட்டி கேளுங்கள். உத்தரவுக்குப் பிறகும் தராவிட்டால் கலெக்டர் வழியாக நிலவரி பாக்கி போலவே வசூலிக்கலாம். 28 பேரும் தனித்தனியாகப் போவதை விட ஒரே நாளில் போனால் அதிகாரி ஒரே தடவை பதிவேடுகளை வரவழைப்பார். புதிய சட்டத்தில் ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு 15 நாள் சம்பளம் தரும் மறுதிறன் நிதியும் இருக்கிறது. மூடலுக்கு அது பொருந்துமா என்று தகராறு வரலாம், மனுவில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், செலவில்லை.

நடுவில் முதலாளி கொஞ்சம் பணம் நீட்டினால் வாங்குங்கள். தட்டிவிட வேண்டியதில்லை. ரசீதில் "பணிக்கொடைக் கணக்கில் ஒரு பகுதியாக, மீதி உரிமைகளை விட்டுக்கொடுக்காமல்" என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ரசீதின் நகலை மொபைலில் படமெடுங்கள்.

பி.எஃப். இருப்பில் 75 சதவீதம் வரை எடுக்க வழி உண்டு. வேலை முடிந்த தேதியை முதலாளி ஏற்றாவிட்டால், கடைசிச் சந்தா விழுந்து இரண்டு மாதம் ஆனதும் ஆதார் ஓ.டி.பி. மூலம் நீங்களே ஏற்றலாம். அதிலுள்ள பென்ஷன் பகுதியை மொத்தமாகத் தரச் சொல்லி மனுப் போடாதீர்கள், பத்து வருடம் தாண்டியவருக்குத் தரமாட்டார்கள். 10சி படிவத்தில், உங்கள் பென்ஷன் பணிக்காலத்தைக் காட்டும் திட்டச் சான்றிதழ் வாங்குங்கள். கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணிக்காலத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பதுதான் 58 வயதில் வரும் மாதப் பென்ஷனுக்கான கணக்கு, ஆனால் 2014 செப்டம்பருக்கு முந்தைய பணிக்காலத்துக்குச் சம்பளத்தை 6,500 ரூபாய் வரைதான் எடுப்பார்கள். 50 வயதிலேயே தொடங்கினால் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். வேறு இடத்தில் பி.எஃப். உள்ள வேலை கிடைத்தால் இந்தப் 18 வருடத்தோடு அதுவும் சேரும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தின் மாதாந்திர உதவித்தொகையை நம்ப வேண்டாம். பதிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், வயது வரம்பு 40, பட்டியலினத்தவருக்கு 45. உங்களுக்கு உடனே பயன்படுவது முதலமைச்சர் மருத்துவக் காப்பீடு. சம்பளம் நின்றதால் குடும்ப வருமானம் 1,20,000-க்குக் கீழே வந்திருந்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் புது வருமானச் சான்று வாங்கி அட்டைக்கு மனுப் போடுங்கள்.

இலைப் பணம் 21,000-ஐத் தொழிலாளர் அலுவலகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், அது சம்பளம் அல்ல. இலை போட்ட தேதி, கிலோ, அந்த மாதத்துக்கு அறிவித்த விலை எழுதிய சீட்டுகளோடு குன்னூர் தேயிலை வாரிய அலுவலகத்தில் தனி மனு. "இலைப் பாக்கியையும் சேர்த்துத்தான் 90,000" என்று முதலாளி சொல்லியிருந்தால், அவர் உங்கள் 18 வருடத்துக்குப் போட்ட விலை 69,000.