வேலையை மாற்றி நர்சிங் படிக்க வந்தவர்கள் தேறுவது எப்படி?

பல வருடம் வேறு வேலை பார்த்துவிட்டு நர்சிங் சேர்ந்தேன், மனப்பாடம் செய்தும் மதிப்பெண் வரவில்லை, வயதாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். வயதை விடுங்கள், படிக்கும் முறையைப் பார்ப்போம்.

நர்சிங் தேர்வு, தெரிந்த விவரத்தை வைத்து என்ன செய்வீர்கள் என்றுதான் பெரும்பாலும் கேட்கும். ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு சுமார் 3.5 முதல் 5.0 மில்லிமோல் என்பது மனப்பாடம். டிகாக்ஸின் என்ற இதய மருந்து எடுக்கும் நோயாளிக்கு, சிறுநீரை அதிகம் போகவைக்கும் ஃபுரோசிமைடும் கொடுத்தால் பொட்டாசியம் இறங்கலாம். இறங்கினால் டிகாக்ஸின் நச்சாகி இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அதனால் டிகாக்ஸின் மாத்திரைக்கு முன் ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும். கேள்வி இங்கேதான் வரும். ஒவ்வொரு மருந்தையும் 'ஏன், அப்புறம் என்ன' என்று இப்படிக் கோத்துப் படியுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இது மனதில் நிற்கும்.

மருந்தளவுக் கணக்கைத் தினமும் போடுங்கள். 5 மில்லியில் 250 மில்லிகிராம் என்றால் 750-க்கு 15 மில்லி. எளிதுதான், ஆனால் பதற்றத்தில் தசமப் புள்ளி ஒரு இடம் நகர்ந்தால் பத்து மடங்கு மருந்து போய்விடும்.

கோபமான வாடிக்கையாளரைச் சமாளித்தவருக்கு, பயந்துபோன உறவினரிடம் பேச வரும். அது பெரிய லாபம். ஆனால் உங்களைவிடச் சின்ன வயது சீனியர் வார்டில் திருத்தினால் சரி என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அனுபவசாலிகளுக்குப் பாடத்தைவிட இதுதான் கஷ்டம் என்பேன். முடிந்தால் முழுநேர வேலையைக் கூடவே இழுக்காதீர்கள். வார்டுப் பயிற்சி தொடங்கியதும் முதலில் பறிபோவது தூக்கம்.