கிரில்லை இப்போது கழுவாதீர்கள்

கேள்வி: பெங்களூர் கம்மனஹள்ளியில் சொந்த வீடு, ஐ.டி. வேலை. 14 மாதம் முன்பு 1,35,000 ரூபாய்க்கு இறக்குமதி பெல்லட் கிரில் (மரத்தூள் குச்சிகளை எரித்து இறைச்சி சுடும் அடுப்பு) ஒன்று வாங்கினேன், 3 வருட வாரன்டி. போன மாதம் மைத்துனர் குடும்பம் வந்திருந்த அன்று மழையில் கரண்ட் போய் வந்தது. மறுபடி ஆன் செய்தேன், பத்து நிமிடத்தில் மூடியை மீறித் தீ. ஹாப்பர் கருகிவிட்டது, மொட்டை மாடிக் கூரை ஷீட்டும் உருகிவிட்டது. கம்பெனி ஆள் வந்து, "சுத்தம் செய்யவில்லை, வாரன்டி கிடையாது" என்கிறார். கூலி இலவசம், பாகங்கள் பாதி விலை, 24,000 கட்டச் சொல்கிறார்கள். 5 லட்சம் கேட்டு வழக்குப் போட வேண்டும். வழி சொல்லுங்கள்.

பதில்:

நான்கு பக்கக் கடிதத்தையும் வாட்ஸ்அப் படங்களையும் முழுக்கப் படித்தேன். மைத்துனர் முன்னால் மானம் போனது, சர்வீஸ் ஆள் செருப்போடு மாடிக்கு வந்தது, பதினோரு தடவை போன் செய்தும் எடுக்காதது எல்லாம் புரிகிறது. மனுவில் இதற்கெல்லாம் சேர்த்து "மன உளைச்சல்" என்று ஒரே ஒரு வரிதான். கிடைத்தால் சில ஆயிரம் கிடைக்கும், 5 லட்சம் கிடைக்காது, அதை மறந்துவிடுங்கள். மின்சாரக் கம்பெனியையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

சட்டத்துக்கு வேண்டியது ஒன்றுதான். தீப்பிடித்த நேரத்தில் அந்த ஃபயர் பாட்டுக்குள் என்ன இருந்தது, அதை யார் நிரூபிக்கப் போகிறார்கள்?

இந்தச் சாதனத்தைப் பார்க்காதவர்களுக்காக ஒரு பத்தி. மாட்டுத் தீவனம் மாதிரி சின்னச் சின்னக் குச்சிகளாக அழுத்திய மரத்தூள்தான் பெல்லட். அது ஹாப்பர் என்கிற பக்கத் தொட்டியில் இருக்கும், ஆகர் என்கிற திருகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நடுவில் இருக்கும் ஒரு இரும்புக் கிண்ணத்தில் போடும். அந்தக் கிண்ணம்தான் ஃபயர் பாட். ஒரு கம்பி சூடாகி அதைப் பற்றவைக்கும், விசிறி காற்று ஊதும். கிண்ணத்தைச் சுற்றி ஓட்டைகள் உண்டு. சாம்பல் அவற்றை அடைத்தால் காற்று போகாமல் தீ தணியும், வெப்பம் இறங்குவதைப் பார்த்து கண்ட்ரோலர் இன்னும் கொஞ்சம் பெல்லட்டைத் தள்ளும், அது எரியாமல் குவியும். கரண்ட் போனால் விசிறியும் நிற்கும், பாட்டில் கிடப்பது புகைந்துகொண்டே இருக்கும், சமயத்தில் திருகு வழியாகப் பின்னேறி ஹாப்பருக்கும் போய்விடும். நடுவில் தீ அணைந்தால் ஆறவிட்டு, பாட்டைக் காலி செய்த பிறகுதான் மறுபடி ஆன் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் மைத்துனர் நேரில் பார்த்திருக்கிறார். மேலே இருக்கும் ட்ரிப் ட்ரேயில் 14 மாதக் கோழிக் கொழுப்பும் இருந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

கம்பெனி சொல்வதும் இதைத்தான். நீங்கள் சொல்வது கண்ட்ரோலர் பழுது. இரண்டுமே நடந்திருக்க முடியும். எது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தக் கருகிய கிரில், அதைத்தான் கடிதத்தின் கடைசி வரியில் "நாற்றம் தாங்கவில்லை, வீட்டில் வேலைக்கார அம்மாவை வைத்துத் தேய்த்துக் கழுவிவிடப் போகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படிக்கும் நிமிடமே நிறுத்துங்கள். கழுவாதீர்கள், துடைக்காதீர்கள், பாட்டில் இருப்பதைக் கொட்டாதீர்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டிலிருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டு கண்ட்ரோலரைத் திறந்துகூடப் பார்க்காதீர்கள், "பிரித்து மேய்ந்திருக்கிறார்கள்" என்று எதிர்த்தரப்பு எழுத அதுவே போதும். பிளக்கைப் பிடுங்கி, தார்ப்பாய் போட்டு மூடி, மழை படாத மூலையில் வையுங்கள்.

பொருளின் குறையைப் பரிசோதனை இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது என்றால் நுகர்வோர் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 38-ஆம் பிரிவில் இருக்கிறது, பரிசோதனைக் கட்டணத்தை முதலில் கட்டுவது நீங்கள்தான். கழுவிப் பளபளவென்று வைத்த கிரில்லில் ஆய்வகம் எதைப் பார்க்கும்?

அல்சூரிலிருந்து வந்த ஒரு கட்சிக்காரர் ஞாபகம் வருகிறார். அவருடையது சமையலறைச் சிம்னி. உள்ளே தீப்பிடித்து ஓடு வரை கருகியது, மோட்டார் கோளாறு என்பது அவர் கட்சி, எண்ணெய்ப் பிசுக்கு என்பது கம்பெனி கட்சி. மனிதர் ரொம்ப சுத்தக்காரர், நாங்கள் எப்போதும் பராமரிப்போம் என்று காட்டுவதற்காக ஒரு கிளீனிங் சர்வீஸ் பில்லை அவரே தேடிப்பிடித்துக் கொடுத்தார், நானும் தேதியைச் சரியாகப் பார்க்காமல் மனுவோடு சேர்த்துவிட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் பார்த்தார். தீப்பிடித்து நான்கு நாள் கழித்துப் போட்ட பில் அது. பராமரிப்புக்குச் சாட்சி என்று நாங்கள் கொடுத்த தாள் சாட்சியை அழித்ததற்குச் சாட்சியாகிவிட்டது. அன்று சாந்திநகர் ஆணையத்திலிருந்து ஆபீஸ் வரை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சரி, உங்கள் வாட்ஸ்அப்புக்கு வருவோம். பெட்டியில் கையேடு இல்லை, க்யூஆர் கோடு மட்டும்தான் இருந்தது என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நல்ல பாயிண்ட், சரியாகப் பயன்படுத்தும் முறையைச் சொல்லாமல் விற்றால் தயாரிப்பாளருக்குப் பொறுப்பு உண்டு என்று சட்டமே சொல்கிறது. ஆனால் நீங்கள் அனுப்பிய படத்திலேயே, வாங்கிய மூன்றாம் நாள் கம்பெனி கையேட்டை பி.டி.எஃப்.ஆக அனுப்பியிருக்கிறது, நீங்கள் கட்டைவிரல் போட்டிருக்கிறீர்கள். அதைவிட மோசம் ஜனவரியில் நீங்கள் அனுப்பிய வரி: "சூப்பர் மெஷின் சார், ஏழு மாசமா ஒரு தடவைகூட உள்ளே திறந்து பார்க்கவே இல்ல." பாராட்டாகத்தான் எழுதினீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் உங்களைக் கேட்கப் போகும் முதல் கேள்வி அதுதான், ஒருவேளை கடைசிக் கேள்வியும். இந்த நிலையில் மனுவில் "ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்தேன்" என்று எழுதச் சொல்கிறீர்கள். பிரமாணப் பத்திரத்தில் அப்படி எழுதிக் கொடுக்க என்னால் முடியாது, வேறு யாராவது எழுதிக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். சர்வீஸ் ஆள் நீட்டிய ஜாப் ஷீட்டில் ஏற்கெனவே ஒரு கையெழுத்து விழுந்திருக்கிறது. "ஆஷ் அண்ட் கிரீஸ் டெபாசிட் ஃபவுண்ட்", அதாவது சாம்பலும் கொழுப்பும் படிந்திருந்தது, என்பதற்குக் கீழே. அவசரத்தில் போட்டேன் என்கிறீர்கள், எல்லாரும் அவசரத்தில்தான் போடுகிறார்கள்.

இன்னொன்றைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். கிறிஸ்துமஸுக்குப் பன்னிரண்டு வீட்டுக்கு ஸ்மோக்டு சிக்கன் ஆர்டர் எடுத்தீர்கள், கிலோ விலையோடு இன்ஸ்டாகிராமில் போட்டீர்கள். நான் எதிர்த்தரப்பாக இருந்தால் சாம்பலைக்கூட விட்டுவிட்டு இதைத்தான் பிடிப்பேன். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே இல்லை, ஆணையத்தின் கதவே திறக்காது. வாங்கியதன் முதன்மையான நோக்கம் என்ன என்பதைப் பார்க்க வேண்டும் என்று 2019-இல் லீலாவதி மருத்துவ அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதை வைத்து, வீட்டுக்கு வாங்கியது, ஒரே ஒரு பண்டிகைக்கு விற்றேன் என்று வாதாடித் தப்பிக்கலாம். ஆனால் சில பேர் பயத்தில் "பிழைப்புக்காகச் சுயதொழில் செய்தேன்" என்று விதிவிலக்குக்குள் புகப் பார்ப்பார்கள். மாதச் சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு அதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அதோடு, சமைத்து விற்றீர்களே, உணவுப் பாதுகாப்புப் பதிவு எங்கே என்ற கேள்வியும் சேர்ந்து வரும். அந்த இன்ஸ்டாகிராம் போஸ்ட்டை இன்றே அழித்துவிடலாமா என்று தோன்றும். வேண்டாம், அவர்கள் ஏற்கெனவே ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள். அழித்தது தெரிந்தால் ஒரு சின்ன விஷயம் பெரிய விஷயமாகிவிடும்.

"புராடக்ட் லயபிலிட்டி" (பொருளால் வந்த தீங்குக்குத் தயாரித்தவர், விற்றவர் பொறுப்பு) என்று கடிதத்தில் மூன்று இடத்தில் அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள், எங்கோ படித்திருக்கிறீர்கள். அந்தச் சட்டத்திலேயே 2(22)-ஆம் பிரிவையும் படியுங்கள். அங்கே "தீங்கு" என்பதில் அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதம் வராது. அதனால் கிரில்லுக்கு அது உதவாது, கிரில்லுக்குச் சாதாரணக் குறைபாட்டுப் புகார்தான். மிஞ்சுவது கூரை ஷீட். அதற்குக் கேட்டாலும், பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் விற்றவர் மேல் வழக்கு நிற்காது என்று 87-ஆம் பிரிவு சொல்கிறது, அணைந்த பாட்டைக் காலி செய்யாமல் ஆன் செய்தது தவறான பயன்பாடா இல்லையா என்று வாதாடியே வருஷம் ஓடிவிடும். ஆய்வகப் பரிசோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நான் அப்படி ஒன்றும் பார்த்ததில்லை.

மாவட்ட ஆணையம், ஆன்லைனில் மனு, இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடக் கெடு, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். போட முடியுமா என்றால் முடியும். போடாதீர்கள் என்கிறேன். பேசி முடியுங்கள்.

ஆனால் 24,000-ஐ அப்படியே கட்ட வேண்டாம், அந்த ஜாப் ஷீட்டில் அவர்கள் பக்கமும் ஒரு ஓட்டை இருக்கிறது. சாம்பல் இருந்தது என்று எழுதினார்களே தவிர, வெப்பத்தை அளக்கும் புரோபையும் கண்ட்ரோலரையும் சோதித்ததாக ஒரு வரி இல்லை. புரோப் பழுதாகி வெப்பத்தைக் குறைத்துக் காட்டினாலும் பெல்லட் அதிகமாகத்தான் விழும், அது உங்கள் துடைப்பத்தின் தப்பு ஆகாது. சண்டை போடாமல் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: இந்த இரண்டையும் சோதித்தீர்களா, அளவு என்ன, ஜாப் ஷீட் நகல் வேண்டும், கிரில் அப்படியே இருக்கிறது, என் முன்னிலையில் வந்து சோதிக்கலாம். பெரும்பாலும் இதற்கு நேரடியாகப் பதில் வராது, போன் வரும். அப்போது புரோப், கண்ட்ரோலர் இரண்டும் இலவசம், மற்றவை பாதி விலை என்று கேளுங்கள். பதினான்காயிரத்துக்கு வந்தால் முடித்துவிடுங்கள். மாற்றிய பாகங்களுக்கு ஒரு வருட வாரன்டி, மீதி வாரன்டி தொடரும் என்ற இரண்டு வரியும் எழுத்தில் வேண்டும். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கட்டாயம் போடுவார்கள், அதில் "இந்தச் சம்பவம் தொடர்பாக" என்ற மூன்று வார்த்தையைச் சேர்க்கச் சொல்லுங்கள். கூரை ஷீட் உங்கள் கைக்காசுதான்.

ரிப்பேர் ஆன பிறகு எப்படி வைத்துக்கொள்வது என்பதும் வக்கீல் வேலைதான். ஹொரமாவில் இருக்கும் என் தம்பியும் ஒன்று வைத்திருக்கிறான், ஞாயிற்றுக்கிழமையானால் வாக்குவமும் கையுமாக உட்கார்ந்திருப்பான், அவனைப் பார்த்துக் கற்றது இது. கரண்ட் இருக்கும்போது பிளக்கைப் பிடுங்கி அணைக்காதீர்கள், ஷட்டவுன் சுற்று முடியும் வரை விசிறி ஓடட்டும், பாட்டில் மிச்சம் இருப்பது எரிந்துவிடும். மறுநாள் நன்றாக ஆறிய பிறகு கிரேட், ட்ரிப் ட்ரே, கீழே இருக்கும் தகடு மூன்றையும் தூக்கிவிட்டுப் பாட்டுச் சாம்பலை உறிஞ்சி எடுங்கள். சூட்டோடு உறிஞ்சினால் வாக்குவமும் போகும். நாலைந்து சமையலுக்கு ஒரு தடவையாவது இதைச் செய்ய வேண்டும், ராத்திரி முழுக்க ஸ்மோக் செய்தால் அடுத்ததற்கு முன்பே. ட்ரிப் ட்ரேயில் ஃபாயில் போட்டுவிட்டால் கொழுப்பைச் சுரண்டும் வேலை பாதியாகும். கொழுப்பு வழியும் குழாயைக் குச்சியால் குத்திவிடுங்கள், வாளி நிரம்பக் காத்திருக்காதீர்கள். புரோபை ஈரத் துணியால் துடைத்தால் போதும். பெங்களூர் மழைக்காலத்தில் பெல்லட்டை ஹாப்பரில் விட்டுவைக்கவே கூடாது, ஈரம் குடித்துப் பொங்கி மரத்தூளாகி ஆகரில் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். இறுக்கமான மூடி போட்ட டிரம்மில் வையுங்கள், ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். இதற்கெல்லாம் அரை மணி நேரம். கூடவே அரை நிமிடம் செலவழித்து, காலியான பாட்டைத் தேதி தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து போனிலேயே வையுங்கள், வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிவிட்டு மூலப்படத்தை அழிக்கும் பழக்கம் வேண்டாம். அடுத்த முறை யாராவது "சுத்தம் செய்யவில்லை" என்றால் பேச்சே வேறு.

சமாதானக் கடிதம் வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு அனுப்புங்கள். போட்ட பிறகு அனுப்பினால் உங்கள் மைத்துனர் மாதிரி நானும் தள்ளி நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.