ஸ்ட்ராட் கிட்டாரில் வரும் இரைச்சலைக் குறைப்பது எப்படி?

ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபயரில்) சொருகியதுமே ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை) கிட்டார் இரைகிறது, கம்பியில் கை வைத்தால் குறைகிறது, உள்ளே செம்புத் தாள் ஒட்டினால் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி போகும். மீதிப் பாதி ஏன் போகாது என்று முதலில் தெரிந்துகொண்டால் காசு வீணாகாது.

உங்கள் காதில் விழுவது இரண்டு சத்தம். 'ம்ம்ம்' என்று அடியில் ஓடுவது காந்தப்புலத்தால் வருவது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும் டிரான்ஸ்பார்மரையும் வயரிங்கையும் சுற்றி எழும் அந்தப் புலத்தை, கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பிக்கப்பின் பல ஆயிரம் சுற்று கொண்ட காயில் (வயர்ச் சுருள்) அப்படியே பிடித்துவிடுகிறது. மேலே 'ஜ்ஜ்ஜ்' என்று கூர்மையாகக் கேட்பது டிம்மர், எல்இடி விளக்கு, சார்ஜர் போன்றவற்றின் மின்புலத்தால் வருவது. கம்பியைத் தொட்டால் அடங்குவது இந்த இரண்டாவது சத்தம்தான். ஆண்டெனா மாதிரி நிற்கும் உங்கள் உடம்பு, கம்பி வழியாக கிரவுண்டோடு சேர்ந்துவிடுகிறது. செம்புத் தாள் தடுப்பதும் இதை மட்டும்தான். தொட்டால் சத்தம் கூடினால், ஜாக்கில் வயர்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

தாள் வாங்கும் முன் ஒரு சோதனை. கிட்டாரின் வால்யூமை முழுக்கக் குறையுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் குற்றம் பெரும்பாலும் கிட்டாருக்கு வெளியே: கேபிள், பெடல், ஆம்ப், எர்த். பெடல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். டிஜிட்டல் டிலே பெடலும் டிஸ்டார்ஷன் பெடலும் ஒரே அடாப்டரைப் பகிர்ந்துகொண்டால் இரைவது வழக்கம். தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட அவுட்புட் உள்ள பவர் சப்ளைதான் அதற்கு மருந்து.

வால்யூமைக் கூட்டினால்தான் இரைகிறதா? நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்புங்கள். ஏதாவது ஒரு திசையில் 'ம்ம்ம்' கிட்டத்தட்ட மறைந்தால் அது காந்தப்புலம். ஆம்ப்பிலிருந்து 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

இனி ஷீல்டிங், அதாவது செம்புத் தாள் ஒட்டும் வேலை. பசையும் மின்சாரம் கடத்தும் வகைத் தாளாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரணப் பசை என்றால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சொட்டு சால்டர் வைத்தாக வேண்டும். பிக்கப்பும் வயர்களும் இருக்கும் குழியின் அடி, சுவர் எல்லாம் ஒட்டி, விளிம்புக்கு மேல் 5 மில்லிமீட்டர் மடித்து விடுங்கள்; பிக்கார்டின் (குழியை மேலே மூடும் தட்டின்) பின்புறத்திலும் ஒட்டும் தாளை அது தொட வேண்டும். மல்டிமீட்டரில் எந்த இரண்டு துண்டுக்கு இடையிலும் 1 ஓமுக்குள் காட்ட வேண்டும். குழித் தாளிலிருந்து ஒரே ஒரு வயரை வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டரின்) முதுகுக்குக் கொண்டுபோய்ச் சால்டர் செய்யுங்கள். முதுகை உப்புத்தாளால் தேய்க்காவிட்டால் சால்டர் பரவாமல் உருண்டையாக நிற்கும், ஒரு வாரத்தில் விட்டுவிடும். மூடியதும் சத்தமே வரவில்லையா? ஜாக் அல்லது ஸ்விட்சின் சிக்னல் முனை தாளைத் தொடுகிறது. அங்கே இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

காந்தப்புல இரைச்சலை அடக்க, எதிர்த்திசையில் சுற்றிய இன்னொரு காயில் வேண்டும். 1955-இல் கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் சேத் லவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்கப்) இந்த வழியில்தான் வேலை செய்கிறது. உங்கள் நடு பிக்கப் எதிர்ச்சுற்றும் எதிர்க்காந்தமும் கொண்டதாக இருந்தால், ஸ்விட்சின் 2, 4 நிலைகளில் (நடு பிக்கப் இன்னொன்றோடு சேரும் இடங்களில்) இரைச்சல் தானாக அடங்கும். இல்லையென்றால் ஒன்றன்மேல் ஒன்றாகக் காயில் அடுக்கிய, அதே அளவு பிக்கப் கிடைக்கிறது. நாய்ஸ் கேட் (சிக்னல் குறைந்ததும் சத்தத்தை அடைக்கும் பெடல்) வாசிப்பின் இடைவெளியில் மட்டும்தான் வாயை மூடும். வாசிக்கும்போது இரைச்சல் அடியில் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இரைச்சல் நிற்கிறது என்பதற்காக ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள், தயவுசெய்து. உங்கள் கம்பிகள் ஆம்ப்பின் உடலோடு இணைந்தவை. உள்ளே ஒரு பழுது வந்தால் 230 வோல்ட் விரலுக்கு வரும். அந்த நேரம் உதடு மைக்கைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. ஆம்ப்பும் கம்ப்யூட்டரும் சேரும்போது மட்டும் இரைந்தால் இடையில் டிரான்ஸ்பார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (சிக்னலை மாற்றிக் கொடுக்கும் இணைப்புப் பெட்டி) வைத்து, அதன் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைப் (சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும் பிரிப்பது) போடுங்கள். சுவர் சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.