ஒரு பல்லவியும் அதன் வாரிசுகளும்

கேள்வி: நவராத்திரியின்போது எங்கள் குடியிருப்பில் நடந்த அந்தாட்சரியில் என் மாமியார் ‘டண்டீ ஹவாயேன்’ என்று தொடங்கி, தம்மை அறியாமல் ‘சாகர் கினாரே’க்குப் போய்விட்டார். “மகன் அப்பாவின் மெட்டைத் திருடிவிட்டார்” என்று எதிரணியில் ஒருவர் சொல்ல, பாட்டு நின்று வழக்கு தொடங்கிவிட்டது. நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.
– ஒரு வாசகி, செம்பூர்

பதில்: முதலில் உங்கள் மாமியாரின் காதைப் பாராட்டுகிறேன். 1951-இல் வெளியான ‘நவ்ஜவான்’ படத்துக்கு எஸ்.டி. பர்மன் இசையமைக்க லதா மங்கேஷ்கர் பாடியது முதல் பாடல். 1985-இல் ‘சாகர்’ படத்துக்கு அவர் மகன் ஆர்.டி. பர்மன் இசையமைக்க, அதே லதா கிஷோர் குமாருடன் சேர்ந்து பாடியது இரண்டாவது. ‘டண்டீ ஹவாயேன், லெஹ்ரா கே ஆயேன்’, ‘சாகர் கினாரே, தில் யே புகாரே’ என்று இரண்டையும் அடுத்தடுத்து முணுமுணுத்துப் பாருங்கள். ஐந்தைந்து அசைகளாக இரண்டு துண்டுகள், நடுவில் ஒரு மூச்சு. ஒன்றின் சொற்களை மற்றதன் மெட்டில் அப்படியே உட்கார வைத்துவிடலாம்.

ஆனால், இதைத் தந்தை–மகன் வழக்காக மட்டும் நடத்த முடியாது. 1964-இல் ‘ஆப் கீ பர்ச்சாயியான்’ படத்தில் மதன் மோகன் அமைத்து ரஃபி பாடிய ‘யஹீ ஹை தமன்னா’விலும், 1966-இல் ‘மம்தா’ படத்தில் ரோஷன் அமைத்து லதா பாடிய ‘ரஹேன் ந ரஹேன் ஹம்’ பாடலிலும் அந்தப் பல்லவியின் முகச்சாயல் தெளிவாகவே தெரிகிறது. என்னைக் கேட்டால், இவர்களில் ரோஷனுக்குத்தான் முதல் மதிப்பெண். 1951-இல் குளிர்ந்த காற்றோடு விளையாடிய மெட்டை, நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணமாக மிஞ்சுவேன் என்று ஒருத்தி விடைபெறும் பாட்டாக அவர் மாற்றியதோடு, சரணத்தில் பழைய பாட்டின் பக்கமே திரும்பாமல் தன் வழியே நடந்துவிட்டார். திருட்டா, தூண்டுதலா என்று பார்க்க நான் பல்லவியைவிடச் சரணத்தைத்தான் நம்புவேன். அந்தக் கணக்கில் மகன் பர்மனும் விடுதலை.

மதன் மோகன் விஷயத்தில் மட்டும் என் மனம் அவ்வளவு தாராளமாக இல்லை. 1952-இல் ‘சங்தில்’ படத்துக்காக சஜ்ஜாத் ஹுசைன் அமைத்து தலத் மஹ்மூத் பாடிய ‘யே ஹவா யே ராத் யே சாந்த்னி’யையும், 1958-இல் ‘ஆக்ரி தாவ்’ படத்தில் மதன் மோகன் இசையில் ரஃபி பாடிய ‘துஜே க்யா சுனாவூன்’ பாடலையும் ஒரே மாலையில் கேட்டால் உங்களுக்கும் புரியும். கோபித்துக்கொண்ட சஜ்ஜாதிடம், எடுப்பதற்கு உங்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள் என்று மதன் மோகன் சொல்லிச் சமாளித்ததாக இசைப் பிரியர்களிடையே ஒரு கதை உலவுகிறது.

கேள்வி: இப்போது பழைய பாடல்களை ‘ரீமிக்ஸ்’ செய்கிறவர்கள் மூல இசையமைப்பாளரிடம் அனுமதி கேட்க வேண்டாமா?
– ஒரு வாசகர், டோம்பிவிலி

பதில்: பெரும்பாலும் கேட்பதில்லை. பழைய படப் பாடல்களின் உரிமை, தயாரிப்பாளரிடமிருந்து இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கைமாறிப் போனதுதான் வழக்கம். 1977-இல் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் பக்கமே தீர்ப்பளித்தது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு கிடைத்தது. 1980-இன் ‘குர்பானி’ பாடலான ‘லைலா ஓ லைலா’ 2017-இல் ‘ரயீஸ்’ படத்துக்கு வந்ததுபோல் வருகிறவற்றில், எல்லோருக்கும் தெரிந்த அந்த ஒரு வரிதான் மூலதனம். பழையவர்கள் எடுத்த இடம் தெரியாமல் மறைக்கப் பாடுபட்டார்கள். அந்த முயற்சியிலேயே புதிய பாட்டு ஒன்று பிறந்தது. இவர்களுக்கோ எடுத்த இடம் தெரிந்தால்தான் வியாபாரம்.

கேள்வி: ‘படோசன்’ படத்தின் ‘ஏக் சதுர் நார்’ அதற்கும் முந்தைய பாட்டு என்று என் தாத்தா சாதிக்கிறார். உண்மையா?
– கல்லூரி மாணவி, மாட்டுங்கா

பதில்: தாத்தா சொல்வது சரிதான். மலாடில் இயங்கிய பாம்பே டாக்கீஸின் ‘ஜூலா’ படத்தில், 1941-இல், சரஸ்வதி தேவி என்ற பார்சிப் பெண்மணியின் இசையில் அசோக் குமார் பாடியது அது. அந்தச் சிறு பாட்டை 1968-இல் ஆர்.டி. பர்மன் கிஷோர் குமாருக்கும் மன்னா டேக்கும் இடையிலான போட்டியாக விரித்துவிட்டார். கிஷோருக்கு அண்ணன் அசோக் குமாரின் பாட்டை எடுப்பது புதிதன்று. 1936-இல் ‘ஜீவன் நையா’வில் வந்த ‘கோயி ஹம்தம் ந ரஹா’வை 1961-இல் ‘ஜும்ரூ’வில் தாமே இசையமைத்துப் பாடியிருக்கிறார். படோசனில் தோற்றுப்போகிற தென்னிந்தியப் பாட்டு வாத்தியாரைப் பார்த்து நாம் சிரித்ததும் உண்டு, கொஞ்சம் முகம் சுளித்ததும் உண்டு. அதே கதை அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே தமிழில் ‘அடுத்த வீட்டுப் பெண்’ என்று வந்துவிட்டது. அதில் அந்தப் போட்டிக்குச் சீர்காழி கோவிந்தராஜனும் திருச்சி லோகநாதனும் பாடிய ‘கண்களும் கவிபாடுதே’வை அடுத்த முறை தாத்தாவைப் பாடச் சொல்லுங்கள்.